கரு இல்லை என்று சொன்ன வாய்

எனக்கு வாய் நீளம். பெற்றவள் சொன்னாள், கூடப் படித்தவர்கள் சொன்னார்கள், வேலைக்குப் போன இடத்திலும் சொன்னார்கள். நான்தான் ஒப்புக்கொண்டதில்லை. தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். தவளையாவது தானே கெட்டுப்போகிறது. என் வாயால் கெட்டது இன்னொருத்தி. அதை இத்தனை வருஷம் கழித்து எழுதுவதில் யாருக்கும் ஒரு லாபமும் இல்லை என்று தெரியும். ஆனாலும் எழுதிவிடுகிறேன்.

அறுபதுகளின் தொடக்கம். வேலூரில் இரண்டு வருஷம் தங்கி ரத்தம், சளி, சீழ் எல்லாம் சோதிக்கக் கற்றுக்கொண்டு, ஆம்பூருக்குப் பக்கத்தில் சாலையோரமாக இருந்த ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் லேப் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். இருபது கட்டில், ஒரு டாக்டரம்மா, இரண்டு நர்சுகள், ஒரே ஒரு மைக்ராஸ்கோப். அதற்கு மின்விளக்கு கிடையாது. அடியில் இருக்கும் வட்டக் கண்ணாடியைத் திருப்பி ஜன்னல் வெளிச்சத்தைப் பிடிக்க வேண்டும். மேகம் மூடினால் நோய்க்கும் லீவு. நான் எப்போது பார்த்தாலும் அதில் குனிந்தே கிடந்ததால், வராந்தாவில் காத்திருக்கும் ஜனங்கள் எனக்குக் 'கண்ணாடியம்மா' என்று பேர் வைத்துவிட்டார்கள். இருபத்து மூன்று வயசில் அம்மா என்று கூப்பிட்டால் யாருக்குத்தான் தலைக்கனம் ஏறாது? எனக்கும் ஏறியது.

அதற்குமேல் இன்னொரு பித்தும் இருந்தது. எல்லாவற்றையும் தமிழிலேயே சொல்ல வேண்டும் என்ற பித்து. ஒரு நீள நோட்டை வாங்கி இடது பக்கம் இங்கிலீஷ் வார்த்தை, வலது பக்கம் நான் கண்டுபிடித்த தமிழ் வார்த்தை என்று எழுதிக்கொண்டே போனேன். செல்லுக்கு உயிரணு. அதன் நடுவில் மை வைத்தாற்போலக் கருத்துத் தெரியும் நியூக்ளியஸுக்குக் கரு. எவ்வளவு அழகான வார்த்தை என்று அன்றைக்கு என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

அந்த நோட்டைப் பார்த்துச் சிரித்தவர் டாக்டரம்மா. ஐம்பது வயசு, ஒல்லி, கல்யாணம் செய்துகொள்ளாதவர், பேச்சில் உப்பும் காரமும் ஜாஸ்தி. மத்தியானம் கூட்டம் குறைந்ததும் லேபுக்கு வந்து முக்காலியில் உட்கார்ந்து எனக்குப் பாடம் எடுப்பார். உயிரில் இரண்டே ஜாதி உண்டு, மற்ற ஜாதியெல்லாம் மனுஷன் செய்தது என்பார்.

"நம்ம உடம்பு செல்லு, ஆட்டோட செல்லு, ஆவாரஞ்செடியோட செல்லு, எல்லாம் ஒரு ஜாதி. உள்ள அறை அறையா தடுத்த வீடு. பத்திரம் பட்டாவெல்லாம் ஒரு அறையில வெச்சுப் பூட்டியிருக்கும். அதான் நீ சொல்ற கரு. பாக்டீரியா வேற ஜாதி. ஒத்த அறை குடிசை. பூட்டுற அறை இல்ல. பத்திரம் தரையில சுருண்டு கெடக்கும். ஆனா ஒண்ணு, வெளிச்சுவர் மட்டும் கெட்டி. நமக்கு அந்தச் சுவர் இல்ல. பென்சிலின் அந்தச் சுவரக் கட்ட விடாது. அதனாலதான் அது சாவுது, நாம சாவறதில்ல."

"அப்போ கரு இருந்தா நம்முது, இல்லன்னா வந்தது," என்றேன் உடனே. நோட்டிலும் எழுதிக்கொண்டேன்.

"அவசரக்குடுக்கை. ரத்தத்துல செவப்பணு இருக்குதே, அதுல கரு எங்க இருக்குது?"

மனிதனுடைய சிவப்பணுவில் கரு கிடையாது. தினமும் நூறு முறை பார்க்கிறேன்.

"எலும்புக்குள்ள பொறக்கும்போது அதுக்குக் கரு இருந்துச்சு. வளந்து வெளிய வர்றதுக்குள்ள அதத் தள்ளிட்டு வந்துச்சு. இருந்து போனது வேற, இல்லவே இல்லாதது வேற. ரெண்டையும் ஒரே வரியில எழுதாத."

நான் அந்த வரியை அடித்துவிட்டு மறுபடி எழுதினேன். ஆனால் என் மனசுக்குள் முதலில் எழுதியதுதான் நின்றது. எளிதாக இருந்ததல்லவா.

அவர்கள் வந்தது ஒரு பங்குனி மாதத்துக் காலையில். இரண்டு பெண்கள், ஒரு நாத்தனாரும் தம்பி மனைவியும். இருவருக்கும் தோல் பதனிடும் ஷாப்பில் மயிர்க் கொட்டகையில் வேலை. சுண்ணாம்புக் குழியிலிருந்து எடுத்த ஆட்டுத்தோலைச் சுரண்டினால் மயிர் குவியும். அதோடு வெளியூரிலிருந்து காய்ந்த மயிரும் மூட்டை மூட்டையாக வரும். வெள்ளை, கறுப்பு, குட்டியாட்டு மயிர், கிழட்டு மயிர் என்று கையால் தடவிப் பார்த்துப் பிரித்துப் போடுவது இவர்கள் வேலை. நாத்தனார் நாற்பதைத் தாண்டிய விதவை. தம்பியைத் தானே வளர்த்து ஆளாக்கியவள், வீட்டில் அவள் வைத்ததுதான் சட்டம். தம்பி மனைவிக்கு இருபத்தைந்து இருக்கும். கழுத்தில் தாடைக்குக் கீழே ஒரு கொப்புளம். நடுவில் கரித்துண்டு போலக் கறுத்து, சுற்றிலும் சின்னச் சின்ன நீர்க்கொப்புளங்கள், கழுத்து முழுக்க வீக்கம்.

"வலிக்குதா?" என்று டாக்டரம்மா கேட்டார்.

"இல்லம்மா. வலியே இல்ல. அரிப்புதான் இருந்துச்சு."

டாக்டரம்மா முகம் மாறியது. அந்தப் பகுதியில் வேலை பார்த்த எவருக்கும் வலிக்காத கறுப்புப் புண் என்றால் பயம். வலிக்கிற கட்டி பழுத்து உடைந்து ஆறிவிடும். இது அப்படியில்லை.

நாத்தனார் குறுக்கே வந்தாள். "புண்ணு கெடக்கட்டும்மா. மொதல்ல அவ வயித்தப் பாருங்க. ஏழு வருசம் கழிச்சு இப்பதான் முழுகாம இருக்கறா. மூணு மாசம். அதுக்கு ஒண்ணும் ஆவக் கூடாது. அதுக்குத்தான் இட்டாந்தேன்."

அந்தப் பெண் தலையைக் குனிந்துகொண்டாள். அவள் முகத்தில் புண்ணைப் பற்றிய பயம் துளிகூட இல்லை. கை மட்டும் அடிவயிற்றின் மேல் இருந்தது. ஏழு வருஷமாக அவள் எத்தனை வாயைக் கேட்டிருப்பாள் என்று எனக்குத் தெரியாதா, எங்கள் ஊரிலும் இருக்கிறார்கள். அந்தக் கையைப் பார்த்ததும் எனக்கு அவளைப் பிடித்துப்போயிற்று.

நீர்க்கொப்புளத்திலிருந்து ஒரு துளி எடுத்துக் கண்ணாடித் துண்டில் தடவி, காயவைத்து, நீலச் சாயம் ஊற்றிக் கழுவினேன். ஜன்னல் வெயிலைப் பிடித்துக் குனிந்தேன். பத்து எண்ணுவதற்குள் தெரிந்துவிட்டது. தடித்தடியான நீலக் குச்சிகள், முனை சதுரமாக வெட்டினாற்போல, ஒன்றோடொன்று கோத்து வரிசை வரிசையாக. புத்தகத்தில் பார்த்திருக்கிறேன். நேரில் பார்ப்பது அதுதான் முதல் தடவை. அடைப்பான். இங்கிலீஷில் ஆந்த்ராக்ஸ், ஆட்டையும் மாட்டையும் நின்ற இடத்தில் சாய்க்கிற அதே நோய். செத்த ஆட்டின் மயிரில் விதைபோல உறங்கிக் கிடந்து, இவள் கழுத்துக் கீறல் வழியாக உள்ளே போய் முளைத்திருக்கிறது.

டாக்டரம்மாவைக் கூப்பிட்டேன். அவர் லேப் வாசலில் நின்றபடியே கேட்டார். வெளியே அப்போதுதான் ஆவாரம் பட்டை ஏற்றிய லாரி ஒன்று உறுமிக்கொண்டு போனது. நான் கத்திப் பேச வேண்டியிருந்தது. கத்தாமலும் பேசியிருக்கலாம், ஒரு நிமிஷம் பொறுத்திருந்தால்.

"சிதைஞ்ச வெள்ளணுவப் பாத்து ஏமாந்துடலியே?" என்றார்.

"கரு இல்ல டாக்டர்! நல்லாப் பாத்துட்டேன். ஒண்ணுலகூட இல்ல."

"சந்தேகம் இல்லியே?"

"துளிகூட இல்ல. நிச்சயமா கரு இல்ல!"

"அப்போ தாமதிக்கக் கூடாது. ஊசிய ஆரம்பிச்சுடலாம்," என்று சொல்லிவிட்டு அவரும் உள்ளே வந்து மைக்ராஸ்கோப்பில் குனிந்தார்.

லேபுக்கும் வராந்தாவுக்கும் நடுவில் இருந்தது ஒரு பச்சைத் துணித் திரை. அதற்கு அந்தப் பக்கம் பெஞ்சில் அவர்கள் இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தார்கள். எனக்கு அது தோன்றவே இல்லை. நர்ஸ் ஊசியைக் கொதிக்க வைத்து எடுத்துக்கொண்டு போனபோது பெஞ்சு காலியாக இருந்தது.

முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது. உயிர் போகிற நோயை வைத்துக்கொண்டு எங்கே தொலைந்தார்கள் என்று கத்தினேன். கக்கூஸ் பக்கம் தேடினோம், கிணற்றடியில் தேடினோம், சாலையில் டீக்கடையில் விசாரித்தோம். ஜட்கா ஏறிப் போய்விட்டார்கள் என்றார் கடைக்காரர். சீட்டில் விலாசம் என்று எழுதியிருந்தது வெறும் 'தோல் ஷாப்பு' என்ற இரண்டு வார்த்தை. அந்தச் சாலையில் தோல் ஷாப்புக்கா பஞ்சம்?

"கழுத்து வீக்கம் உள்பக்கம் எறங்கிச்சுன்னா மூச்சு அடைச்சுடும். ரத்தத்துல கலந்துச்சுன்னா என் கையில ஒண்ணும் இல்ல," என்றார் டாக்டரம்மா. அவருக்கு ஒரு பிரசவம் காத்திருந்தது. என்னைப் போகச் சொன்னார்.

அன்று மத்தியான வெயிலில் மூன்று தோல் ஷாப்புகளில் ஏறி இறங்கினேன். மூன்றாவது இடத்தில் மயிர்க் கொட்டகை மேஸ்திரி எனக்கு அடையாளம் சொன்னார். "தெரியும்மா. ரெண்டு பேரும் நம்ம கிட்டதான் வேல செய்றாங்க. காலையில ஆஸ்பத்திரிக்குப் போறோம்னு சொன்னாங்க. வழியில இங்க எறங்கி அழுதுட்டுப் போனாங்களே."

"எதுக்கு அழுதாங்க?"

அவர் சங்கடமாகப் பார்த்தார். பக்கத்தில் மயிர் பிரித்துக்கொண்டிருந்த ஒருத்தி தலையைத் தூக்காமலே பதில் சொன்னாள். "இன்னாத்துக்கா? ஆஸ்பத்திரியில ஒருத்தி கண்ணாடி வெச்சுப் பாத்துட்டு கரு இல்லன்னு கத்தினாளாம். தாமதிக்காத, ஊசி போட்டு வயித்தக் கழுவிடலாம்னு டாக்டரம்மா சொன்னாங்களாம். ஏழு வருசம் கழிச்சு நின்னதக் கழுவ உட்டுடுவாங்களா? அதான் நாத்தனாக்காரி இட்டுக்கினு போய்ட்டா."

கழுவிடலாம் என்று டாக்டரம்மா சொல்லவே இல்லை, அது வழியில் சேர்ந்துகொண்டது. ஆனால் கரு இல்லை என்று கத்தினேனே, அதை யாரும் கூட்டவும் இல்லை குறைக்கவும் இல்லை. என் வாயிலிருந்து வந்தது வந்தபடியே அவர்கள் காதில் விழுந்திருக்கிறது. தமிழில் சொல்லவேண்டும் என்று தவித்தேனே, அந்தத் தமிழ்தான். நியூக்ளியஸ் என்று சொல்லியிருந்தால் அவள் பேசாமல் பெஞ்சில் உட்கார்ந்திருப்பாள்.

வீடு பாலாற்றுக்கு அந்தப் பக்கம் ஒரு சிற்றூரில் என்றார் மேஸ்திரி. அதற்குள் பொழுது சாய்ந்துவிட்டது. மணலில் வண்டி இறங்காது என்று ஜட்காக்காரன் கை விரித்தான். மறுநாள் விடிந்ததும்தான் கிளம்ப முடிந்தது.

கிளம்பும்போது ஒரு காரியம் செய்தேன். மைக்ராஸ்கோப்பை அதன் மரப்பெட்டியில் வைத்துப் பூட்டி, நேற்றைய கண்ணாடித் துண்டைக் காகிதத்தில் சுற்றி, யாரிடமும் கேட்காமல் எடுத்துக்கொண்டு போனேன். ஆஸ்பத்திரியில் இருந்தது அது ஒன்றுதான். உடைந்தால் என் வேலை போகும். போகட்டும் என்று இருந்தது. என் பேச்சை இனி அந்த வீட்டில் யார் நம்புவார்கள்? கண்ணால் காட்டினால்தான் உண்டு.

பங்குனி மாதத்துப் பாலாறு வெறும் மணல். பெட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்தேன், கனம் தாங்காமல் தலைக்கு மாற்றினேன், மறுபடி இடுப்புக்கு. ஒவ்வொரு அடியிலும் கால் புதைந்தது. போய்ச் சேருவதற்குள் அந்த வீட்டில் அழுகைச் சத்தம் கேட்டுவிடுமோ என்று காதைத் தீட்டிக்கொண்டே போனேன்.

அழுகை கேட்கவில்லை. நாத்தனார் வாசலில் மறித்து நின்றாள்.

"இன்னாத்துக்கு வந்த? நேத்து ராவே மருத்துவச்சி வந்து வயித்தத் தொட்டுப் பாத்துட்டா. கரு நல்லா இருக்குதுன்னுட்டா. இருக்கறத இல்லன்னு சொன்ன வாயிதான இது?"

"ஆமா. இந்த வாய்தான்."

நான் மறுப்பேன் என்று அவள் எதிர்பார்த்திருக்க வேண்டும். மறித்த கை தாழ்ந்தது. அந்த இடைவெளியில் உள்ளே பார்த்துவிட்டேன். கயிற்றுக் கட்டிலில் அந்தப் பெண் தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். படுக்க முடியவில்லை. தாடைக்கும் மார்புக்கும் நடுவில் கழுத்து என்று ஒன்றே தெரியவில்லை, அவ்வளவு வீக்கம். மூச்சு விடும்போது தொண்டையில் ஒரு சீட்டிச் சத்தம் கேட்டது. கண்ணை மூடியிருந்தாள். கை நேற்றைப் போலவே வயிற்றின்மேல் இருந்தது.

"நான் அவ வயித்தச் சொல்லல. இந்தப் புண்ணுல இருக்கற பூச்சியச் சொன்னேன். அதுக்குள்ள கரு இல்லன்னு சொன்னேன்."

"பூச்சிக்கு ஏது கரு? யார ஏய்க்கப் பாக்குற?"

வாதாட நேரம் இல்லை. வாசலில் ஓர் உரல் கவிழ்ந்து கிடந்தது. அதன்மேல் மைக்ராஸ்கோப்பை வைத்தேன். கண்ணாடியைத் திருப்பி வெயிலைப் பிடித்தேன். உரல் சமமாக இல்லாததில் பார்வை ஆடிக்கொண்டே இருந்தது. ஒரு வழியாக நின்றது. "ஒரு தடவ பாரு. அப்புறம் என்ன வெரட்டு," என்றேன்.

அவள் குனிந்தாள். முதலில் அவளுடைய இமைதான் அவளுக்குத் தெரிந்திருக்கும், எல்லாருக்கும் அப்படித்தான். பொறுமையிழந்து நிமிர்ந்துவிடுவாள் என்று பயந்தேன். ஆனால் இருபது வருஷம் வெள்ளை மயிரையும் சாம்பல் மயிரையும் இமைக்காமல் பார்த்துப் பிரித்த கண் அது. சட்டென்று அசையாமல் நின்றது.

"கணு கணுவா இருக்குது. மூங்கி மாதிரி."

"அதான் பூச்சி. அதுக்குள்ள ஏதாச்சும் பொட்டு தெரியுதா பாரு."

"இல்ல. முழுசும் ஒரே நீலம்."

கண்ணாடித் துண்டைக் கொஞ்சம் நகர்த்தி ஒரு வெள்ளணுவை நடுவில் கொண்டுவந்தேன். "இப்ப?"

"உருண்டையா ஒண்ணு. வெளுப்பா இருக்குது. நடுவுல மட்டும் நீலமா, அவரக்கொட்டையாட்டம்."

"அது உன் தம்பி பொண்டாட்டியோடது. அவ உடம்பு. நடுவுல தெரியுதே, அதுக்குப் பேரு கரு. எனக்குத் தெரிஞ்ச தமிழ் அவ்வளவுதான். நான் சொன்னது இந்தக் கருவ. அந்த மூங்கில்ல இது இல்ல."

அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். பிறகு தன் இரண்டு உள்ளங்கைகளையும் விரித்துப் பார்த்துக்கொண்டாள். "எங்கேர்ந்து வந்துச்சு?"

"மயிர்லேர்ந்து. அடைப்பான்."

"அது மாட்டுக்கு வர்றது."

"மனுஷனுக்கும் வரும். இன்னும் ஒரு நாள் விட்டா மூச்சு நின்னுடும்."

அவள் உள்ளே திரும்பிப் பார்த்தாள். கேட்கவேண்டிய கேள்வியை அப்போதுதான் கேட்டாள். "அந்த ஊசி... அது வயித்துல இருக்கறத ஒண்ணும் பண்ணாதா?"

இந்த இடத்தில் நான் என்ன பதில் சொல்லியிருக்க வேண்டும்? பென்சிலின் தாக்குவது சுவரை, சுவர் இல்லாததை அது தொடாது, ஆனால் நோயும் காய்ச்சலும் அப்படி ஆள் பார்க்காது, குழந்தைக்கு என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாது. இவ்வளவும் சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் அவள் யோசிப்பாள். யோசிக்கிற நேரம் கட்டிலில் இருந்தவளுக்கு இல்லை.

"கரு இல்லாததத்தான் அந்த ஊசி கொல்லும். கரு இருக்கறதத் தொடாது," என்றேன்.

அவள் அதை ஒரு முறை வாய்க்குள் சொல்லிப் பார்த்தாள். பிறகு தம்பியைக் கூப்பிட்டாள். அவனும் அக்கம்பக்கத்தார் மூன்று பேரும் கட்டிலோடு தூக்கிக்கொண்டு ஆற்றில் இறங்கினார்கள். நான் பெட்டியோடு பின்னால் ஓடினேன். ஊசி போட்டபோது, அவர்கள் அந்தப் பெஞ்சை விட்டு எழுந்து போய் முழுசாக ஒரு நாள் ஆகியிருந்தது. மைக்ராஸ்கோப்பைத் தூக்கிப் போனதற்கு டாக்டரம்மா திட்டவில்லை. என் முகத்தை ஒரு தடவை பார்த்தார், அவ்வளவுதான்.

ஊசி போட்டால் உடனே வீக்கம் வடியும் என்று எண்ணியிருந்தேன். வடியவில்லை. முதல் நாள் இன்னும் ஏறியது. பூச்சி செத்தாலும் அது கக்கிய விஷம் வேலை செய்துகொண்டுதான் இருக்கும் என்றார் டாக்டரம்மா. தொண்டையில் துளை போடுவதற்குக் கத்தியும் குழாயும் வேகவைத்துத் துணி போட்டு மூடிக் கட்டிலுக்குப் பக்கத்திலேயே வைத்திருந்தார். நாத்தனார் அந்தத் துணியையே பார்த்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தாள். மணிக்கொரு தரம் ஏதோ சாக்கு வைத்து நான் வார்டுக்குப் போவேன். அந்தச் சீட்டிச் சத்தம் கேட்டால் திரும்பி வருவேன். அது கேட்கும்வரை மூச்சு இருக்கிறது என்று அர்த்தம்.

மூன்றாம் நாள் காலையில் சத்தம் கேட்கவில்லை. ஓடினேன். அவள் தூங்கிக்கொண்டிருந்தாள், மல்லாந்து படுத்து, வாயை மூடிக்கொண்டு. கழுத்து கழுத்தாகத் தெரிய ஆரம்பித்திருந்தது. நாத்தனார் என்னைப் பார்த்துச் சிரித்தாள். "கரு இல்லாதது செத்துப் போச்சும்மா," என்றாள். நான் வராந்தாவுக்கு வந்து தூணைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

அன்று சாயங்காலம் அவளுக்கு இடுப்பு வலி எடுத்தது. மறுநாள் விடிவதற்குள் எல்லாம் ரத்தமாகப் போய்விட்டது.

டாக்டரம்மா கை கழுவிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் போய் நின்றேன். "ஒரு நாள் முன்னாடியே ஊசி போட்டிருந்தா நின்னிருக்குமா டாக்டர்?" என்று கேட்டேன்.

அவர் சோப்பை மறுபடி எடுத்து மறுபடி கழுவினார். "இந்தக் காய்ச்சலுக்கு நிக்கறது கஷ்டம்."

"நிக்காதா, கஷ்டமா?"

"தெரியாது. எனக்குத் தெரியாது. தெரியாததுக்கு உன் நோட்டுல என்ன வார்த்த வெச்சிருக்கற?" அவர் அப்படிக் கடுத்துப் பேசி நான் கேட்டதில்லை. ஈரக் கையோடு என் தோளைத் தொட்டுவிட்டுப் போனார்.

வார்டுக்குள் போகவே எனக்குக் கால் வரவில்லை. கரு இருப்பதைத் தொடாது என்று வாசலில் நின்று சத்தியம் செய்த வாய் இது. நாத்தனார் என் தலைமயிரைப் பிடித்து இழுத்துக் கேட்டாலும் நியாயம்தான் என்று மனசைத் திடப்படுத்திக்கொண்டு போனேன்.

அந்தப் பெண் சுவரில் சாய்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தாள். கழுத்தில் கறுப்புப் பொருக்கு காய்ந்து சுருங்கியிருந்தது. என்னைப் பார்த்ததும் தம்ளரைக் கீழே வைத்தாள். அவள் கை எங்கே வைப்பது என்று தெரியாமல் மடியில் கிடந்தது. அதுவரை அவள் என்னிடம் நேராகப் பேசியதே இல்லை.

"கண்ணாடியம்மா, ஒண்ணு கேக்கட்டா? நீங்கதான அன்னிக்குக் கண்ணாடியில பாத்துட்டு சொன்னது? கரு இல்லன்னு?"

நான்தான் என்று தலையாட்டினேன்.

"நாங்கதான் நம்பாம ஓடிட்டோம். மருத்துவச்சி சும்மா ஆறுதலுக்கு இருக்குதுன்னு சொல்லிட்டா போல. நீங்க பாத்தது சரிதான். அன்னிக்கே இல்லதான? மொதல்லேர்ந்தே இல்லதான?"

நான் நாத்தனாரைப் பார்த்தேன். உரல்மேல் குனிந்து இரண்டையும் பார்த்தவள் அவள். மூங்கிலையும் பார்த்தாள், அவரைக்கொட்டையையும் பார்த்தாள். நான் எதைச் சொன்னேன் என்று எனக்கு அடுத்தபடி தெரிந்தவள் உலகத்திலேயே அவள் ஒருத்திதான். பெஞ்சிலிருந்து கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனவளும் அவள்தான். அவளும் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆமா," என்றாள் நாத்தனார் மெதுவாக. "அன்னிக்கே சொன்னாங்க. நான்தான் கேக்கல."

"அப்படின்னா நான் ஒண்ணும் தொலைக்கல," என்றாள் அந்தப் பெண். கேள்வியாகத்தான் சொன்னாள். பதிலுக்கு என் முகத்தைப் பார்த்தாள்.

பின்னால் தமிழில் விஞ்ஞானப் புத்தகங்கள் வந்தன. நியூக்ளியஸுக்கு உட்கரு என்று போட்டிருந்தார்கள். அந்தப் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு நெடுநேரம் உட்கார்ந்திருந்தேன். உட். இரண்டே எழுத்து. எனக்குத் தோன்றாத இரண்டு எழுத்து. உட்கரு உள்ளது ஒரு வகை, இல்லாதது ஒரு வகை என்று பிள்ளைகள் அதை மனப்பாடம் செய்து ஒப்பித்தார்கள். இருந்து போனதைப் பற்றி அதில் ஒரு வரிகூட இல்லை.

ஆனால் அன்றைக்கு எனக்கு அது தெரியும். முக்காலியில் உட்கார்ந்து டாக்டரம்மா சொல்லிக்கொடுத்திருந்தார். இருந்து போனது வேறு, இல்லவே இல்லாதது வேறு, இரண்டையும் ஒரே வரியில் எழுதாதே என்று.

அந்தப் பெண் இன்னும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆமாம்மா," என்றேன். "இல்ல. மொதல்லேர்ந்தே இல்ல."

அவள் தலையாட்டிவிட்டுக் கஞ்சித் தம்ளரைக் கையில் எடுத்துக்கொண்டாள்.